ஆத்திமோட்டையின் ஸ்கொட்லாந்து ராணி

"கோட்டையை நிப்பாட்டு!"

நெடுங்கேணி வீதிக்குக் குறுக்கே ஓட்டோவை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவீதியில் நின்றான் சஜீவன். எதிரே ஒரு கோட்டை வந்துகொண்டிருந்தது. நான்கு கோபுரம், ஒரு கொடி, பூட்டிய கதவு. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கட்டியிருந்த அந்தக் கோட்டை சடன் பிறேக்கில் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது. இடதுபக்கக் கோபுரம் கழன்று, வீதியோரத்துப் பற்றைக்குள் விழுந்தது.

"ஸ்கொட்லாந்தின்ர ஒரு மூலை போச்சு, அக்கா," என்றான் சஜீவன்.

ஓட்டோவின் பின் இருக்கையிலிருந்து அவசரமே இல்லாமல் இறங்கினாள் நேசமலர். கையில் ஒரு கடதாசிச் சரை நிறையக் கச்சான், வறுத்த நிலக்கடலை. ஒன்றை உடைத்து வாயில் போட்டுவிட்டு, கோதை வீதியில் எறிந்தாள்.

"மற்ற மூலையளுக்குள்ள ராணி இருக்கிறாவோ எண்டு பார்."

கிளிநொச்சியில் நேசமலரின் பெயர்ப்பலகையில் 'விசாரணைச் சேவை' என்றுதான் இருக்கும். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெண்சாதி இருக்கிறாளா, உள்ளூர் மாப்பிள்ளை பின்னேரத்தில் எங்கே குடிக்கிறான் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் தொழில். ஊர் அவளைத் துப்பறியும் நேசமலர் என்றது. சஜீவன் அவளுடைய சாரதி, உதவியாளர். கேட்காமலே கருத்துச் சொல்பவனும் அவன்தான்.

அன்று காலை வந்த தொலைபேசி, ஆத்திமோட்டைக் கலா மன்றத் தலைவர் தங்கராசாவிடமிருந்து.

"பிள்ளை, என்ர மருமகள், தங்கச்சியின்ர பிள்ளை சுமித்திராவைக் காலமையிலயிருந்து காணேல்லை! எங்கட நாடகத்தில மேரி ராணி அவள்தான். பின்னேரம் நெடுங்கேணி மைதானத்தில மேடையேற்றம். சங்கிலிதான் கடத்தினவன். கதையிலயும் ராணியைக் கடத்திறது அவன்தானே! ராணியை மேடைக்குக் கொண்டுவந்து விடுங்கோ, அது காணும் எனக்கு."

சங்கிலி ஏறியிருந்த கோட்டை இதுதான். சஜீவன் அட்டைக் கதவில் தட்டினான்.

"கதவைத் திறவுங்கோ! இல்லாட்டி உதைப்பன். உதைச்சால் கோட்டை விழும், நான் பொறுப்பில்லை!"

கதவு மெல்லத் திறந்தது. முதலில் வந்தது ஒரு தாடி. ஆட்டுமயிரில் செய்த செம்பட்டைத் தாடி. அதற்குப் பின்னால் தூக்கக் கண்களோடு சங்கிலி.

"ஆர் நீங்கள்? ஏன் எங்கட கோபுரத்தை விழுத்தினனீங்கள்?"

"நீர் ஏன் கோட்டைக்குள்ள ஒளிச்சிருக்கிறீர்?"

"ஒளிக்கேல்லை. காத்துக்குத் தாடி பறக்குது. ஒட்டின பசை இன்னும் காயேல்லை."

நேசமலர் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு மரக் கோடரி, கிரீடம் இரண்டு, பாய் ஒன்று. ராணி இல்லை.

"அக்கா, என்னைத் தலைவர் சொல்லித்தானே பிடிக்க வந்தனீங்கள்?" சங்கிலி தாடியை அமத்திப் பிடித்தபடி கீழே குதித்தான். "நான் பொத்வெல் பிரபு. ராணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கலியாணம் கட்டிறது நானூறு வரியத்துக்கு முந்தின கதை. எனக்கு வீட்டில மனிசி இருக்கிறா. அவாவே என்னைத் தூக்கிப் போடுவா."

"கதையைச் சுருக்கமாச் சொல்லும், கேப்பம்."

"ஸ்கொட்லாந்துக்கு ஒரு ராணி. இளம் வயசு. அவாவைக் கட்டினவனுக்கு நாடு கையில. அதால பிரபுமார் ஒருத்தனை ஒருத்தன் வெட்டுறாங்கள், குத்துறாங்கள். அவாக்கு மரே எண்டு ஒரு அண்ணன், வேற தாய்க்குப் பிறந்தவன். 'நான் உன்ர நன்மைக்குத்தான்' எண்டு சொல்லிச் சொல்லி ஆட்சியைத் தன்ர கையில வைச்சிருப்பான். அது எங்கட தலைவர் தங்கராசா."

"வேசம் பொருத்தம்," என்றான் சஜீவன்.

"பொருத்தம் கூடிப்போச்சு. ராணி டார்ன்லியைக் கட்டேக்க அந்த மரே எதிர்த்து வாள் தூக்கினவன். எங்கட தலைவர் என்ன செய்தவர் தெரியுமோ? தனக்கு வசனம் காணாதெண்டு, ராணியின்ர கையைப் பிடிச்சுத் தாரை வார்த்துக் குடுக்கிற மாதிரி ஒரு காட்சியைத் தானே எழுதிச் சேர்த்திட்டார்! செம்பு, தண்ணி, கண்ணீர் எல்லாம் இருக்கு. ஸ்கொட்லாந்தில ஆரும் தாரை வார்த்தவையோ?"

"மேளமும் இருக்கோ?"

"நாதஸ்வரம், தவில், எல்லாம் பின்னால ஒரு வான் வண்டியில வருகுது. அங்க ஒரு தோல்பையை அக்குளுக்குள்ள வைச்சு ஊதுவினமாம். எங்களிட்டப் பை இல்லை."

நேசமலர் சிரிக்கவில்லை. கச்சான் உடைப்பதை மட்டும் நிறுத்தினாள். அவளுடைய பார்வை இயந்திரத்தின் சில்லுமூடிக்கு மேலே போயிருந்தது. அங்கே ஒரு போர்வீரன் குந்தியிருந்தான். தகர வாளியில் கண்ணுக்கும் வாய்க்கும் துளை வெட்டி, வெள்ளிப் பெயின்ற் அடித்துத் தலையில் கவிழ்த்த கவசம். யன்னல் சீலையில் தைத்த நீளச் சால்வை. கைகளில் கிரிக்கெட் கையுறை, அதுவும் வெள்ளி நிறம்.

"உது ஆர்?"

"தர்சன். தலைவற்ற மெய்க்காப்பாளன். காலமை வாளியைப் போட்டுப் பாத்தவன், இறுகிட்டுது. கழட்டேலாமல் கிடக்கு. கதைச்சாலும் வெளியில கேக்காது."

போர்வீரன் தலையாட்டினான். வாளி கோட்டையில் பட்டு 'டொங்' என்றது.

"வெல்டிங் கடையில விட்டால் வெட்டி எடுப்பினம்," என்றான் சஜீவன் பரிவோடு.

வாளி பலமாக மறுத்து ஆடியது.

"பயப்பிடாதை தம்பி, தலையை விட்டிட்டு வாளியைத்தான் வெட்டுவினம்."

"ராணிக்கு ஆரோடயும் பகை இருந்ததோ?" நேசமலர் சங்கிலியைப் பார்த்துக் கேட்டாள்.

சங்கிலி குரலைத் தாழ்த்தினான். "டார்ன்லியா நடிக்கிற சுமனோட. மாசக் கணக்கா நல்லாத்தான் இருந்தவை. போன வெள்ளிக்குப் பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கினமில்லை. ஒத்திகையில அவன் வேலியைப் பாத்துக் காதல் வசனம் பேசுறான். அவள் குளத்தைப் பாத்து மறுமொழி சொல்லுறாள். இன்னொண்டு, அக்கா. தலைவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். இண்டைக்குக் காலமை சுமித்திராவுக்கு மோதிரம் போட இருந்தது. தலைவற்ற மகனுக்கு."

"ஓ."

"தாய் தேப்பன் இல்லாத பிள்ளை. தேப்பன் விட்டிட்டுப் போன வயல் எங்கட வாய்க்கால்ல தலைமடை. அந்த வயல்காரன் மடையைத் திறந்தால்தான் கீழ இருக்கிற எல்லா வயலுக்கும் தண்ணி. இவ்வளவு காலமும் செய்யிறது தலைவர்தான். பெட்டை வெளியில கட்டிப் போனால்..."

"நாடு போயிடும்," என்று முடித்தான் சஜீவன்.

நேசமலர் ஓட்டோவில் ஏறினாள். "சுமன்ர வீட்டுக்கு விடு."

சுமனின் வீடு காட்டோரக் குடியிருப்பில் கடைசி வீடு. அவனுடைய தாய் சுப்பம்மா மலையகத்தில் பிறந்து, சிறுபிள்ளையாக வன்னிக்கு வந்து, இங்கேயே காடு வெட்டி நிலம் திருத்தியவள். பேச்சில் மட்டும் மலை இறங்கவில்லை.

"வாங்கம்மா, வாங்க. ஒக்காருங்க. தம்பி, நீயும் ஒக்காரு."

உட்காரக் கதிரைக்குப் பஞ்சமில்லை. முற்றத்து மூலையில் வாடகைக்கடைப் பிளாஸ்டிக் கதிரைகள் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. முற்றம் புதிதாகச் சாணம் தெளித்து மெழுகியிருந்தது. அதன் நடுவே ஒரு புதுச் சட்டி. சட்டிக்குள் எரிந்த உமியும் கரித்துண்டுகளும்.

சஜீவன் நேசமலரின் முழங்கையை இடித்தான். கண்ணால் சுவரைக் காட்டினான்.

சுவரில் நாடகத்தின் போஸ்டர். இடப்பக்கம் டார்ன்லியாகச் சுமன், கிரீடத்தோடு சிரித்துக்கொண்டிருந்தான். வலப்பக்கம் மேரி ராணி இருக்க வேண்டும். கழுத்துக்குக் கீழே இருந்தாள். கழுத்துக்கு மேலே ஒரு மஞ்சள் துணித் துண்டு, நான்கு மூலையிலும் குண்டூசி குத்தித் தொங்கியது.

"கழுத்தில சரியா நிப்பாட்டியிருக்கிறாங்கள்," என்று அவளுடைய காதுக்குள் சொன்னான் சஜீவன். "கதை முடிவில ராணியின்ர தலை போகுது. விளங்குதோ?"

உள்ளேயிருந்து சுமன் வந்தான். புதுச் சவரம். நேசமலரைக் கண்டதும் கையிலிருந்த தொலைபேசியை அவசரமாகச் சட்டைப்பைக்குள் வைத்தான். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். திரையில் ஒரு உழவு இயந்திரத்தின் படம்.

"தம்பி, சுமித்திராவைக் கடைசியா எப்ப பாத்தனீர்?"

"போன வெள்ளிக்கிழமை, அக்கா."

"நேற்றும் ஒத்திகையில பக்கத்தில நிண்டனீராமே?"

"நிண்டனான். பாக்கேல்லை."

"கோவமோ?"

"சீச்சீ!" என்றவன், தாயைப் பார்த்துவிட்டு, "ஓம், கோவம்தான்," என்றான்.

நேசமலர் சட்டியருகே போய்க் குந்தினாள். ஒரு கரித்துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள்.

"இது என்னத்துக்கு?"

"அது... கச்சான் வறுத்தனாங்கள்."

உலகத்தில் வேறு எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் சுமன் தப்பியிருப்பான். இவளிடம் போய்க் கச்சானைச் சொன்னான்.

"உமி நெருப்பிலயோ? மணல்ல வறுக்கேல்லையோ?"

"உமியில வறுத்தால் நல்ல ருசி, அக்கா."

"கோது எங்க?"

சுமன் சுற்றிலும் பார்த்தான். மெழுகிய முற்றத்தில் ஒரு கச்சான் கோதுகூட இல்லை. "சாப்பிட்டிட்டம்," என்றான்.

"கோதையுமோ?" என்றான் சஜீவன்.

சுப்பம்மா தேநீரோடு இடையில் புகுந்தாள். அவளுக்கு வேறொரு கவலை இருந்தது.

"ஏம்மா, நீங்க படிச்சவங்க. அந்தக் கதையில எம்பையன் செத்துப் போறானாமே? வீட்டோட வெடி வெச்சுக் கொல்றாங்களாம். இன்னிக்கு மட்டும் அதை மாத்த முடியாதா?"

"நானூறு வரியத்துக்கு முந்திச் செத்தவரை எப்பிடி அம்மா காப்பாத்திறது?"

"நாடகம்தானே? பாதியில நிப்பாட்டினா யாரு கேக்கப் போறா? இன்னிக்கு அவன் சாகக் கூடாதும்மா. மத்த நாள் சாகட்டும், நான் ஒண்ணும் சொல்லல."

நேசமலர் தேநீரைக் குடித்து முடித்தாள். போகும் முன் போஸ்டருக்குக் கிட்டப் போய், மஞ்சள் துணியின் ஓரத்தை விரலால் தொட்டாள். கிளப்பிப் பார்க்கவில்லை. திரும்பி வந்து ஓட்டோவில் ஏறும்போது அவளுடைய முகத்தில், நல்ல இடத்துச் சம்பந்தம் பொருந்தி வந்த நாட்களில் மட்டும் வரும் ஒரு சிரிப்பு இருந்தது.

"அக்கா, இவன்தான்," என்றான் சஜீவன், ஸ்ரார்ட் பண்ணிக்கொண்டே. "முகத்தை மறைச்சு வைச்சிருக்கிறான். பாக்கவே பிடிக்கேல்லை. சட்டியில என்னத்தையோ எரிச்சிருக்கிறான். ராணியின்ர உடுப்போ என்னவோ."

"பிடிக்காதவன் படத்தைக் கிழிப்பான், சஜீவன். கரி பூசுவான். ஏன் மஞ்சள் துணியைத் தேடி எடுத்துத் திரை போடுறான்?"

"ஏன்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்," என்றாள் அவள், பதில் தெரிந்த ஆளின் குரலில்.

நெடுங்கேணி மைதானத்தில் மேடைக்குப் பின்னால் கூச்சலும் பவுடர் மணமும். சிவப்பு வெல்வெட் யன்னல் சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு, தங்கராசா அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். மரே பிரபுவின் மீசை ஒருபக்கம் இறங்கியிருந்தது.

"என்ன பிள்ளை, அகப்பட்டவளோ? சங்கிலியைப் பிடிச்சு விசாரிச்சனீங்களோ?"

"விசாரிச்சன். மோதிரக் கதையும் சொன்னவர்."

தங்கராசா நின்றார். சீலையைச் சரிசெய்தார். "அது குடும்ப விசயம். என்ர தங்கச்சியின்ர பிள்ளைக்கு நான் கெட்டது நினைப்பனோ? முறைப் பெடியன் வீட்டுக்குள்ள இருக்கேக்க வெளியில ஏன் தேடுவான்? காணியும் வீட்டுக்குள்ளயே நிக்கும்." இடுப்பில் தட்டினார். "மோதிரம் மடியில கிடக்கு. ஐயரும் வந்து சும்மா நிக்கிறார். பேராயரா நடிக்கிறவனுக்குக் காய்ச்சல் எண்டு சொன்னாங்கள். 'ஐயா, நீங்கள் ஏறுங்கோ, மந்திரமும் உங்களுக்குத்தானே தெரியும்' எண்டு அவரையே போட்டிட்டன். ராணி வந்தால் நாடகம். நாடகம் முடிஞ்ச கையோட மோதிரம். ஆரும் தடுக்கேலாது." பின்னால் திரும்பிக் கத்தினார். "டேய் தர்சன்! எனக்கொரு பிளேன்ரீ!"

வாளித் தலைப் போர்வீரன் ஓடிப்போய், இரண்டு கையுறைகளாலும் கோப்பையை அணைத்துப் பிடித்தபடி மெதுவாக வந்தான். பாதித் தேநீர் வழியில் சிந்தியது.

"விசரா! காலமையிலயிருந்து உவனால ஒரு பிரியோசனம் இல்லை. என்ர நிழல் மாதிரி நிக்கிறான், அவ்வளவுதான்."

நேசமலர் போர்வீரனையே பார்த்தாள். இந்த வெயிலில், தலையில் வாளி இறுகிய ஒருவன், கையுறையையாவது கழற்றமாட்டானா?

"சஜீவன், கதையில ராணியை ஒரு தீவுக் கோட்டையில அடைச்சு வைக்கிறாங்கள், தெரியுமோ? வண்ணாத்தி மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு தோணியில ஏறித் தப்பப் பாத்தவா. தோணிக்காரன் முகத்தைக் காணேல்லை. ஆனாலும் பிடிச்சிட்டான்."

"எப்பிடி?"

"கையைப் பாத்தவன். உடுப்புத் தோய்க்கிற கை அப்பிடி இருக்காது."

அவள் கச்சான் சரையோடு போர்வீரனுக்குக் கிட்டப் போனாள். உடுப்பு மாற்ற மறைப்பாகக் கட்டியிருந்த படங்குக்குப் பின்னால் அவன் தனியே நின்றான்.

"தம்பி, காலமையிலயிருந்து சாப்பிட்டிருக்க மாட்டீர். இந்தாரும்."

சரையை அவனுடைய கையுறைக்குள் திணித்துவிட்டு, படங்குக்கு இந்தப் பக்கம் வந்து, ஒரு துளை வழியே பார்த்தாள். சஜீவனையும் இழுத்துப் பார்க்க வைத்தாள்.

போர்வீரன் சுற்றிலும் பார்த்தான். ஒரு கச்சானை எடுக்க முயன்றான். கிரிக்கெட் கையுறையால் கச்சான் உடைக்க முடியாது. பல்லால் கடிக்க வாளி விடாது. கொஞ்ச நேரம் பசிக்கும் புத்திக்கும் போராட்டம். பசி வென்றது. வலக்கைக் கையுறை கழன்றது.

மெல்லிய நீள விரல்கள். நகம் முதல் மணிக்கட்டு வரை மருதாணி, நெருப்பாகச் சிவந்திருந்தது.

"ஐயோ," என்றான் சஜீவன். "ராணி!"

"சத்தம் போடாதை."

"அக்கா, காலமையிலயிருந்து மாமனுக்குப் பிளேன்ரீ ஊத்திக் குடுத்தது..."

"ஊர் முழுக்கத் தேடுற ஆள் தன்ர நிழலைத் தேடமாட்டார். நீ போய் எனக்குக் கச்சான் வாங்கிக்கொண்டு வா."

"இப்பவோ?"

"இப்பத்தான்."

சஜீவன் போனான். திரும்பி வந்தபோது படங்குக்குள் பேச்சு முடிந்துகொண்டிருந்தது. வாளிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், அழுதுவிட்டுச் சிரிக்கும் குரல், "காட்டிக் குடுத்திடாதேங்கோ அக்கா, என்ர வாழ்க்கை இதிலதான் கிடக்கு," என்றது மட்டும் அவனுக்குக் கேட்டது. நேசமலர் வெளியே வந்தாள். கண்கள் கொஞ்சம் கலங்கியிருந்தன. கச்சானை வாங்கிக்கொண்டாளே தவிர உடைக்கவில்லை.

"அவா என்ன சொன்னவா, அக்கா?"

"நீ ரகசியம் காப்பாத்துவியோ?"

"ஓம்!"

"நானும்தான்," என்றுவிட்டு நேரே தங்கராசாவிடம் போனாள்.

"ஐயா, ராணி மேடைக்கு வருவா. தன்ர காட்சிக்குச் சரியா வருவா. ஆனா ஒரு நிபந்தனை. கலியாணக் காட்சி முடியுமட்டும் நீங்கள் அவாவோட ஒண்டும் கதைக்கக்கூடாது. மோதிரத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. நீங்கள் எழுதின வசனத்தை மட்டும் சொல்லுங்கோ."

தங்கராசாவின் மீசை இரண்டு பக்கமும் நிமிர்ந்தது. "எங்க அவள்?"

"கண்டுபிடிச்சிட்டன். நீங்கள் கேட்டது மேடைக்குக் கொண்டுவரச் சொல்லி. கொண்டுவாறன். நிபந்தனைக்குச் சம்மதமோ?"

"சம்மதம். நாடகம் முடிஞ்ச பிறகு எங்க ஓடப் போறாள்?"

சூரியன் மைதானத்துப் பாலை மரத்துக்குப் பின்னால் இறங்கும்போது மணி அடித்தது. ஆத்திமோட்டையே திரண்டு வந்திருந்தது. முன்வரிசையில் சுப்பம்மா, மடிப்புக் கலையாத பட்டுச் சேலையில். அவளுடைய காலடியில் துணி மூடிய ஒரு தாம்பாளம். அவளுக்குப் பக்கத்தில் கருப்புக் கண்ணாடி போட்ட ஒரு இளைஞன், ஒரு கிழமைப் பசியோடு வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"உவன் ஆர்?"

"உண்மையான தர்சன்," என்றாள் நேசமலர்.

முதற்காட்சியில் சுமித்திரா வந்தாள். கிரீடம், நீள அங்கி, கைகளில் வெள்ளைக் கையுறை. கூட்டம் கைதட்டியது. பிரபுக்கள் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். 'உன் நன்மைக்காகவே சொல்கிறேன், தங்கையே!' என்று மரே பிரபு முழங்கினார். 'என் நன்மை எதுவென்று எனக்குத் தெரியும், அண்ணா!' என்று ராணி திருப்பி அடித்தாள். அந்த வசனம் எழுத்தில் இருந்ததா என்று தங்கராசா ஒரு கணம் யோசித்தார். கைதட்டல் அவரை யோசிக்க விடவில்லை.

இரண்டாம் காட்சி, கலியாணம். மேடையின் நடுவே இரண்டு போர்வீரர்கள் ஒரு மஞ்சள் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருபக்கம் டார்ன்லி, மறுபக்கம் ராணி. ஒருவரை ஒருவர் காணவில்லை. பேராயரின் தொப்பிக்குக் கீழே ஐயரின் விபூதிப் பட்டை பளிச்சிட்டது. அவர் ஸ்கொட்லாந்துக்குத் தெரியாத மந்திரங்களைத் தெளிவாகச் சொன்னார்.

தங்கராசா செம்பை எடுத்தார். இந்தக் காட்சிக்காகத்தான் அவர் மாசக் கணக்காகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியது. ராணி கையுறையைக் கழற்றினாள். அவளுடைய சிவந்த கையைப் பிடித்துத் தூக்கியபோது, தங்கராசாவுக்கு வசனம் ஒருகணம் மறந்தது. தங்கையின் கை மாதிரியே இருந்தது அது. பிறகு சமாளித்துக்கொண்டார்.

'என் குலவிளக்கை, என் கையால், என் மனமறிய, உனக்குத் தருகிறேன்!'

தண்ணீர் விழுந்தது. கண்ணீரும் விழுந்தது. சீலை கீழே இறங்கியது.

சுமனும் சுமித்திராவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கிழமைப் பார்வையை ஒரே மூச்சில் பார்த்தார்கள். தவில் வெடித்தது. சுமன் குனிந்து தாலியைக் கட்டினான். மைதானத்திலிருந்து மஞ்சள் அரிசி மழையாக மேடையில் விழுந்தது.

"அக்கா," என்றான் சஜீவன் மெதுவாக. அவனுடைய தலையிலும் நாலு அரிசி. "நாடகம் பாக்க வாற சனம் ஏன் அட்சதையோட வந்தது?"

மேடைக்குச் சங்கிலி தாடியோடு ஓடிவந்து, "பெரியோர்களே, ஸ்கொட்லாந்துச் சரித்திரம் இண்டைக்கு இவ்வளவுதான். மிச்சம் துக்கமான விசயம்!" என்று கும்பிட்டான். திரை விழுந்தது. முன்வரிசையில் சுப்பம்மா தாம்பாளத் துணியை எடுத்து, ஆலாத்திக்குக் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா! அந்தப் போஸ்டர்?"

"யாழ்ப்பாணத்து ஆக்களின்ர முறை ஒண்டிருக்கு. கலியாணத்துக்கு முந்தின அந்தச் சடங்குக்குப் பிறகு, தாலி கட்டும் வரைக்கும் பொம்பிளையும் மாப்பிளையும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கக்கூடாது. சுப்பம்மாக்கு அது புதுசு. மருமகளின்ர ஆக்கள் குறை சொல்லக்கூடாதெண்டு, எங்கட சனத்தைவிட இறுக்கமாப் பிடிச்சிட்டா. படத்தையும் பாக்கக்கூடாதெண்டு திரை போட்டா. தொலைபேசியில இருந்த படத்தையும் மாத்த வைச்சா. அதாலதான் நான் பிடிச்சன். யாழ்ப்பாணத்து மாமி எண்டால் போஸ்டருக்குத் திரை போட்டே இருக்கமாட்டா."

"அப்ப, ஓடிப்போய்க் கட்டியிருக்கலாமே? ஏன் இந்தக் கூத்து?"

"ஓடிப்போக அவாக்கு விருப்பமில்லை. தாய் சாகேக்க சொன்னதாம், 'மாமா உன்னைத் தன்ர கையால குடுக்கவேணும்' எண்டு. மாமா சும்மா கேட்டால் குடுப்பாரோ? அதுதான் அவர் விரும்பிக் குடுக்கிற இடத்தில போய் நிண்டவா."

படங்கை விலக்கிக்கொண்டு தங்கராசா வந்தார். வெல்வெட் சீலை நனைந்திருந்தது. கையில் இன்னும் செம்பு. முகத்தில் மேடைக்காரனின் முழுப் பெருமை.

"பாத்தனீங்களோ பிள்ளை? சனம் அழுதது! நான் செம்பைச் சரிக்கேக்க ஒரு மனிசி எழும்பி நிண்டு கும்பிட்டவா. பாதியில நிப்பாட்டினது எனக்கும் விருப்பமில்லைத்தான், ஆனால் என்ர காட்சியோட நிப்பாட்டினது நல்லது." மடியைத் தடவி மோதிரப் பெட்டியை வெளியே எடுத்தார். "எங்க அவள்? வரச் சொல்லுங்கோ, இதையும் போட்டு முடிப்பம். ஓ, கேக்க மறந்திட்டன். அந்தத் தாலி எந்தக் கடையில வாங்கினவங்கள்? கவரிங் எண்டு சொல்லேலாது, அசல் தங்கம் மாதிரியே மினுங்குது!"

நேசமலர் சரையிலிருந்து ஒரு கச்சானை எடுத்து, நிதானமாக உடைத்தாள்.

"கடையில வாங்கேல்லை, ஐயா. போன வெள்ளிக்கிழமை சுமன் வீட்டு முத்தத்தில, தட்டாரைக் கூப்பிட்டு, உமிச் சட்டியில தாலிக்குப் பொன்னுருக்கினது."